யாரோ நினைக்கிறார்கள்

இன்றைக்கு இவரைப் பேச விடக் கூடாது. உள்ளே கூப்பிட்டதும் நான்தான் முதலில் உட்கார வேண்டும், நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். இவர் "அது ஒண்ணுமில்லீங் டாக்டர், கேஸு" என்று ஆரம்பிப்பதற்குள் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட வேண்டும். எனக்கு விழுங்க முடியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டில் எது? விழுங்க முடியவில்லை என்றால் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்ப்பார், நன்றாகத்தானே இருக்கிறது என்பார். சோறு இறங்கவில்லை என்றால் பசியில்லை என்று எழுதிக்கொள்வார். நம் ஊரில் கவலையாக இருக்கிறவளும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்கிறாள். முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் செரிமான மண்டலம் நடத்தினவள், என் உடம்பில் நடப்பதைச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைக்காமல் ஈரோட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தாலும் பார்ப்பார்களாம். பக்கத்தில் இவர், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு செருப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எங்கே கரண்ட் போனாலும் ஃபியூஸ்தான் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கம்பத்தில் ஏறின மனிதர். எனக்கு என்ன வந்தாலும் கேஸு. அவரிடம் கோபித்துக்கொண்டு பிரயோஜனமில்லை, குரலில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்கு அவரைப் பேச விடக் கூடாது.

எதிர்ச் சுவரில் படம் மாட்டியிருக்கிறார்கள். நான் கரும்பலகையில் வரைந்த அதே படம்தான், வழவழப்பான தாளில். கல்லீரல் காப்பிப்பொடி நிறம், பித்தப்பை பச்சை, கணையம் மஞ்சள், பெருங்குடல் நாலு பக்கமும் சட்டம் மாதிரி நிற்க நடுவில் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. பெயரெல்லாம் இங்கிலீஷில். போகட்டும், எனக்கு எழுத்து வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இரைப்பையை வல்லின றகரம் போட்டு இறைப்பை என்று எழுதுகிற பிள்ளைகள் வருடத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஏண்டா, இரை போகிற பை, இரைப்பை. இறை போட்டால் சாமியினுடைய பையாகிவிடும், உன் வயிற்றில் சாமியா உட்கார்ந்து செரிக்க வைக்கிறார் என்று கேட்பேன், வகுப்பே சிரிக்கும். இரைப்பைக்கு ஒரு பக்கம், சிறுகுடலுக்கு ஒரு பக்கம், கல்லீரலுக்குப் படத்தோடு ஐந்து மதிப்பெண். உணவுக்குழலுக்கு என்ன கொடுத்தேன்? ஒரு வரி. தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும் தசையாலான குழல், அலை போன்ற அசைவால் உணவைக் கீழே தள்ளுகிறது. முடிந்தது, அடுத்தது இரைப்பை. படத்தில்கூட ஸ்கேலை வைத்து இரண்டு கோடு இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். எந்தப் பரீட்சையிலும் யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் ஒழுங்காக நடத்தியிருப்பேன். இப்போது அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான் என் உயிர் நிற்கிறது. இட்லியைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று, தள்ளி, அது பாதி வழி போய் மாராப்புக்குப் பின்னால் ஓர் இடத்தில் நிற்கும். நிற்பது தெரியும். அடுத்த வாய் அதன் மேல் போய் உட்காரும். தண்ணீர் குடித்தால் சில நாள் இறங்கும். சில நாள் குடித்த தண்ணீரும் மேலே வரும். வாந்தி இல்லை. வாந்திக்குக் குமட்டல் வேண்டும், ஓங்கரிப்பு வேண்டும், புளிப்பு வேண்டும். இது புளிக்காது, போட்ட இட்லி போட்டபடி வரும், இரைப்பையைப் பார்க்காமலே திரும்பி வந்த இட்லி. இதைத்தான் சொல்ல வேண்டும். புளிப்பில்லாமல் வருகிறது என்று சொல்ல வேண்டும். இவர் புளிச்ச ஏப்பம் என்று மாற்றிவிடுவார்.

எங்கள் ஊர் டாக்டரிடம் போனபோது நான் என்ன சொன்னேன்? "நெஞ்சுல நிக்குதுங்க" என்றேன். அவ்வளவுதான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. படுக்க வை, ஒயரை ஒட்டு, ஈசிஜி எடு. நானும் தப்பாகச் சொல்லவில்லை, அவரும் தப்பாகக் கேட்கவில்லை. நெஞ்சு என்று ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை காரியம் பார்க்கிறோம். சளி கட்டுவதும் நெஞ்சில், எரிவதும் நெஞ்சில், ஒருத்தர் சொன்ன சொல் மறக்காமல் கிடப்பதும் நெஞ்சில், சோறு நிற்பதும் நெஞ்சில். வயிறும் அப்படித்தான். பசிப்பதும் வயிறு, பிள்ளை பெற்றதும் வயிறு. ஈசிஜி தாள் சுருள் சுருளாக வந்தது. இதயம் குதிரை மாதிரி இருக்கிறது டீச்சர் என்றார் டாக்டர். இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "நாஞ்சொல்லல? கேஸுதானுங்களே?" என்றார். டாக்டரும் ஆமாம் என்றார். வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், நான் போட்டேன், மாத்திரையும் இட்லி நின்ற இடத்திலேயே போய் நின்றது. அப்புறம் தொக்கம் எடுக்கப் போனோம். அதை நினைத்தால் எனக்கே என் மேல் சிரிப்பு வருகிறது. சாப்பிட்டது எங்கேயோ ஒட்டிக்கொண்டது என்றால் ஊதி எடுத்துவிடுகிறார்கள் என்று இவருடைய அக்கா சொன்னார்கள். பவானி போகிற வழியில் ஒரு வீடு. அந்த அம்மா கழுத்தைத் தடவி, வயிற்றைத் தடவி, குழலை வைத்து ஒரு ஊது ஊதி, கையில் எதையோ பிடித்துத் தட்டில் போட்டாள். ஊறிப்போன ஒரு சோற்றுப் பருக்கை, கூட ஒரு நூல் துண்டு. செரிமான மண்டலம் முப்பது வருடம் நடத்தினவள் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் அந்தப் பருக்கையை அப்படி ஒரு நிம்மதியோடு பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ரசஞ்சோறு மறுபடி நின்றது. அதையும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? டாக்டர் கேட்கப்போகிறார், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் எனக்குத் தெரியுமே. நிற்பது மட்டும் என்றால் என்றைக்கோ ஓடி வந்திருப்பேன். கூடவே புரையேறியது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மேலே வந்தது தப்பான வழியில் இறங்கப் பார்க்கும், இருமல் பிய்த்துக்கொண்டு வரும், கண்ணில் தண்ணீர் கொட்டும். இவர் எழுந்து வந்து உச்சந்தலையில் தட்டுவார். தட்டிக்கொண்டே, "ஆரோ நெனைக்கறாங்க போல" என்பார். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். வகுப்பில் இதை வைத்தே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளா, மூச்சுக்குழலின் மேல் ஒரு மூடி இருக்கிறது, அதற்குப் பெயர் குரல்வளை மூடி, விழுங்கும்போது அது மூடிக்கொள்ளும். பேசிக்கொண்டே சாப்பிட்டால் மூட மறந்துவிடும், அதுதான் புரையேறுவது. யாரோ நினைப்பதால் இல்லை. நினைத்தால் புரையேறும் என்றால் நம் தலைமையாசிரியர் ஒரு நாளாவது நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? அப்படியெல்லாம் கேட்டுச் சிரிக்க வைத்தவள். ஐப்பசியில் ஒரு நாள் காலை, தோசை தின்னும்போது புரையேறி, இவர் தலையில் தட்டி, வழக்கமாகச் சொல்கிற "ஆரோ" இல்லாமல், கொஞ்சம் தயங்கி, "பூரணி நெனைக்கறா போல" என்றார். நான் இருமிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூரணி எங்கள் மகள். ஒரே பிள்ளை. புருஷனோடு ஒத்து வரவில்லை என்று ஒரு பெட்டியோடு வந்து எங்களிடம் இருந்தாள். கோடை முழுக்க இருந்தாள், ஆவணி வரை இருந்தாள். நான் அவள் நல்லதுக்காகத்தான் மாப்பிள்ளை வீட்டாரைப் பேச வரச் சொன்னேன். அவளிடம் முன்கூட்டிச் சொன்னால் வீட்டில் இருக்க மாட்டாள், அதனால் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதில் என்ன தப்பு என்றுதான் கேட்பேன். நாலு பேர் உட்கார்ந்து பேசினால் தீராதது என்ன இருக்கிறது? அவர்கள் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனவள் அந்தப் பெட்டியோடு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம், சிநேகிதிகளோடு தங்கியிருக்கிறாளாம், இவருடைய அக்கா மகன் சொல்லித் தெரியும். அவள் கூப்பிடவில்லை. நான் ஏன் கூப்பிட வேண்டும்? பெற்றவள் நான். இவர் கூப்பிடலாம், ஆனால் என்னைக் கேட்காமல் கூப்பிட மாட்டார், நானோ கேட்டால் பேசாமல் இருப்பேன். அப்படியே அந்தப் பெயர் வீட்டில் யாரும் தொடாத சாமான் ஆகிவிட்டது. தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போதுகூட "ரெண்டு எடுக்கட்டா" என்று கேட்டாரே தவிர பெயர் சொல்லவில்லை. புரையேறினால் மட்டும் சொல்வார். நான் இருமினால் அவர் அவள் பெயரைச் சொல்லலாம், நானும் அதைக் கேட்கலாம், யாருடைய ரோஷமும் குறையாது. இதைப் போய் எந்த டாக்டரிடம் சொல்ல? ஒரு நாள் காலையில் ஏறினால் இப்போது அவள் பல் தேய்த்துக்கொண்டிருப்பாள், நம்மை நினைக்கிறாள் என்று தோன்றும். மத்தியானம் ஏறினால் கேன்டீனில் சாம்பார் நன்றாயில்லை போல. இரண்டு நாள் ஏறாவிட்டால் எனக்குப் பயம் வந்தது. குழல் கொஞ்சம் தேவலையாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தேன். கடைசியில் மோர் விட்டுப் பிசைவதை நிறுத்திவிட்டு வறட்டுச் சோறாகவே தின்ன ஆரம்பித்தேன். வறண்டிருந்தால்தானே நிற்கும், நின்றால்தானே புரையேறும். படித்த பைத்தியம் என்று இதற்குத்தான் சொல்வார்கள்.

கதவு திறக்கிறது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து வேறு யாரையோ கூப்பிடுகிறாள். எழுந்து போகிற பெரியவருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகிறார். என் வளையலும் இப்போதெல்லாம் முழங்கை வரை போய் வருகிறது. ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்தாயிற்று. முதலில் சப்பாத்தி நின்றது, அப்புறம் சோறு, அப்புறம் குழைய வடித்த சோறு, இப்போது சில நாள் கஞ்சி. கெட்டியானது முதலில், நீர்த்தது கடைசியில், இப்படி வரிசையாகப் போனால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பெயர். சொல்லிப் பார்க்கிறேன். புற்று. கறையான் கட்டுவதற்கும் அதே பெயர்தான். நாகம் இருக்கும் என்று பால் ஊற்றி மஞ்சள் தடவிக் கும்பிடுவோம், உள்ளே என்ன இருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்க மாட்டோம். இல்லை, அப்படி இருக்க வேண்டியதில்லை. குழலின் அடியில் ஒரு வாசல் இருக்கிறது, அது திறக்க மறுத்தாலும் இப்படி ஆகும், புண் ஆறிச் சுருங்கினாலும் ஆகும், வேறு எத்தனையோ இருக்கும், எனக்குத் தெரிந்தது ஒரு வரிதானே. பசி. பசி இருக்கிறது, அதுதான் கொடுமை. எனக்கு நன்றாகப் பசிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எது என்றாலும் சரி, தெரிந்துகொள்வேன். இனி பால் ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. எனக்கு அறுபத்து மூன்று வயது, இன்னும் சாகத் தோன்றவில்லை. சொல்லிவிட வேண்டியதுதான். விழுங்கியது பாதி வழியில் நிற்கிறது, புளிப்பில்லாமல் திரும்பி வருகிறது, புரையேறுகிறது, பசி இருக்கிறது, இளைத்துவிட்டேன். நன்றாயிருக்கிறது. இதுதான் விடை. எப்போதிலிருந்து?

எப்போதிலிருந்து என்று கேட்பார். எல்லா டாக்டரும் கேட்கிற கேள்வி. மார்கழியிலிருந்து என்று ஊர் டாக்டரிடம் சொன்னேன். பொய், ஐப்பசியிலேயே இருந்தது, தோசையும் சட்னிக் கிண்ணமும். சரி, ஐப்பசி. அதற்கு முன்னால்? புரட்டாசியில் சனிக்கிழமை விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, அப்போதும் நின்ற மாதிரி இருக்கிறது. அவள் போனது ஆவணியில். அவள் போன துக்கத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மனசு சரியில்லாவிட்டால் வயிறு கெடும் என்பது எல்லாரும் சொல்வதுதான். ஆவணியிலிருந்து என்று சொல்லிவிடுகிறேன். பொருத்தமாக இருக்கிறது. அவள் போனாள், நினைக்க ஆரம்பித்தாள், எனக்குப் புரையேற ஆரம்பித்தது. ஆவணி. இவர் செருப்பாட்டுவதை நிறுத்திவிட்டு, "ஏம்புள்ள, தண்ணி வேணுமா" என்கிறார். குடிக்கக் கூடாது என்று காலையில் அவர்தான் படித்துச் சொன்னார். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள் நான் பஜ்ஜி போட்டிருந்தேன், அதற்கு முந்தின மாதம் ஆடி நோம்பி, அந்தப் பண்டிகைக்கு ஒப்புட்டு, வெல்லப் போளி. ஒப்புட்டை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? பூரணம் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது அந்தத் தடவை. இவருடைய அக்கா வந்திருந்தார்கள். எல்லாரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வேண்டாம், ஆவணி என்று முடிவாகிவிட்டது. அந்த ஒப்புட்டை நான் நெய் விடாமல் தின்றேன். நின்றது. நின்று, புரையேறி, இருமி, கண்ணெல்லாம் தண்ணீர். அக்கா தலையில் தட்டினார்கள், "ஆரோ நெனைக்கறாங்க, மெதுவா மெதுவா" என்றார்கள். அப்போது என் இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல், வாயில் ஒப்புட்டோடு. "ஆருங் அத்தை நெனைக்கறாங்க? எங்கம்மாவ நெனைக்கறதுக்கு இருக்கறதே நானொருத்தி. நாந்தான் இங்கயே உக்காந்திருக்கறனே!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் இருமிக்கொண்டே சிரித்தேன். அவள் தன் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்து, "அம்மா, நீங்க கொஞ்ச நாளா இப்படித்தான் பண்றீங்க, ஒரு நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்" என்றாள். கொஞ்ச நாளாக என்றாள். அவள் பக்கத்திலேயே இருந்தாள். முட்டி இடிக்கிற தூரத்தில் இருந்தாள்.

இதை எத்தனை மாதமாக நான் நினைக்காமலே இருந்திருக்கிறேன். தெரியாமல் இல்லை. ஓரமாகத் தள்ளி வைத்து, மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தேன். ஆடியில் ஏறியது என்றால் ஐப்பசியில் ஏறியதும் அதுதான், மார்கழியில் ஏறியதும் அதுதான். பல் தேய்க்கும் நேரமும் இல்லை, கேன்டீன் சாம்பாரும் இல்லை. குழல் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். அப்படியானால் அவள் ஒரு தடவையாவது நினைத்தாளா? தெரியாது. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நினைக்காமலும் இருந்திருக்கலாம். அழுகை வருகிறது, வரட்டும், ஆஸ்பத்திரியில் அழுகிறவளை யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஆவணி என்று சொன்னால் என்ன? ஒரே ஒரு மாத வித்தியாசம். டாக்டருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. இவருக்கும் அந்தப் பெயரைச் சொல்லத் தலையில் தட்டுகிற சாக்கு மிஞ்சும், வீட்டுக்குப் போனதும் மறுபடி தட்டலாம், நானும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கொஞ்ச நாளாக என்றாளே. ஆடிக்கும் முன்னாலேயே இருந்திருக்கிறது, அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆவணி என்று நான் சொன்னால் துக்கத்தால் வந்தது, மன உளைச்சல், கேஸ், சரியாகப் போய்விடும், போய் வாருங்கள் என்று அனுப்பினாலும் அனுப்புவார். நானும் அந்தக் கேஸைக் கட்டிக்கொண்டு, மகள் நினைக்கிறாள் நினைக்கிறாள் என்று இருமிக்கொண்டே போய்ச் சேர வேண்டியதுதான். முடியாது. தப்பான விடைக்கு நான் யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை, எனக்கும் போட்டுக்கொள்ள மாட்டேன்.

"கோகிலவாணி, வாங்கம்மா." எழுந்துகொள்கிறேன், கால் கொஞ்சம் மரத்துப்போயிருக்கிறது. இவர் எனக்கு முன்னால் போகப் பார்க்கிறார், நான் முழங்கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய் டாக்டருக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறேன். சின்ன வயது. முடி வெட்டி நாளாகியிருக்கும். "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" பக்கத்தில் இவர் மூச்சை இழுக்கிற சத்தம், "அது ஒண்ணுமில்லீங்" என்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "விழுங்கறது பாதி வழியில இங்க நிக்குதுங்க. திரும்ப மேல வருது, புளிப்பே இல்லாம, போட்டது போட்டபடி. வர்றப்ப பொறையேறுது. மொதல்ல சப்பாத்தி நின்னுது, அப்புறம் சோறு, இப்ப கஞ்சி. பசி நல்லா இருக்குது. ஆளு பாதியாப் போயிட்டன்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். "ரொம்பத் தெளிவாச் சொல்றீங்க. எப்போ ஆரம்பிச்சது? யோசிச்சு, சரியாச் சொல்லுங்க, அது முக்கியம்." இவர் முந்திக்கொள்கிறார். "மார்கழிலதானுங்க. பனி ஒத்துக்கல." நான் அவர் பக்கம் திரும்பாமலே சொல்கிறேன். "இல்லீங். ஆடி நோம்பிக்கு முன்னாடியே இருந்துச்சு." "ஆடியிலயா?" என்கிறார் இவர். "ஆடியில எப்படிப் புள்ள? அப்பப் பூரணி இருந்தாளே." "இருந்தா. எம்பக்கத்துலயே உக்காந்திருந்தா. அப்பவே பொறையேறுச்சு." அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கை என் நாற்காலியின் முதுகில் இருந்தது, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஐயோ, இந்த மனிதரிடமிருந்தும் அந்தச் சாக்கை நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

டாக்டர் கணக்குப் போட்டுவிட்டு, இவ்வளவு நாள் விட்டிருக்கக் கூடாது என்றார், திட்டாமல் சொன்னார். இப்போதே குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் சின்னதாகச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம், பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்திருந்தது. நர்ஸ் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், மூக்குத்தியையும் வளையலையும் கழற்றச் சொன்னாள். தொண்டையில் மருந்து அடிக்கணும், மரத்துப்போகும், அப்புறம் கொஞ்ச நேரம் பேச வராது, யாரிடமாவது பேசணும்னா இப்பவே பேசிருங்கம்மா என்றாள். எல்லாரிடமும் சொல்வதுதான் போல. இவர் கதவோரம் என் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். "போனைக் குடுங்க" என்கிறேன். "ஆருக்குப் புள்ள?" "குடுங்க." கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறார். பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை, அந்த எண் எனக்கு மனப்பாடம். மணி அடிக்கிறது. எடுக்காவிட்டாலும் சரி, மறுபடி அடிப்பேன், மருந்தை அடிக்க விட மாட்டேன். பெற்றவள் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்? கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டு விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம், அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மணி நிற்கிறது. அந்தப் பக்கம் கம்பெனி மெஷின் சத்தம், அதற்கு நடுவில், "அம்மா?"

"பூரணி, நீ என்னைய நெனைச்சியா நெனைக்கலையான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன். நான் உன்னைய நெனைச்சுட்டே இருந்தன் கண்ணு. எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது, இப்பத்தான் கொழாய் விட்டுப் பாக்கப் போறாங்க, எனக்குப் பயமா இருக்குது. நீ வா."

நர்ஸ் மருந்துக் குப்பியைக் குலுக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். போனில் பூரணி எங்கேயோ வேகமாக நடப்பது மூச்சில் தெரிகிறது, ஒரு கதவு திறந்து மூடுகிறது, மெஷின் சத்தமெல்லாம் நின்றுவிடுகிறது.

"எந்த ஆஸ்பத்திரிங்கம்மா?" என்கிறாள்.